கறுப்பு என்ஜினின் கதை

மோட்டார் சைக்கிள் என்ஜின் என்றால் பாலிஷ் போட்டு வெள்ளி மாதிரி மின்ன வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து எண்ணம். இங்கிலாந்தில், ஸ்டீவனேஜ் நகரில் இருந்த வின்சென்ட் கம்பெனி 1948-ல் இதற்கு நேர்மாறாக ஒன்று செய்தது. தனது 998 சிசி 'ரேபிட்' வண்டியின் அலுமினிய என்ஜினுக்குக் கறுப்பு எனாமல் பூசி, சூளையில் சுட்டு, 'பிளாக் ஷேடோ' என்று பெயர் வைத்து விற்றது. மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் ஓடிய வண்டி அது!

வேகத்துக்குக் காரணம் கறுப்பு நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையான வேலை உள்ளே நடந்தது. கனெக்டிங் ராடுகளைப் பாலிஷ் செய்தார்கள், கம்ப்ரெஷனைக் கூட்டினார்கள், கொஞ்சம் பெரிய கார்புரேட்டர்களை வைத்தார்கள். இதனால் 45 குதிரைத்திறன் 55 ஆனது. ஆக, பாலிஷ் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

1955-ல் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தி நின்றது. பழைய ரேபிட் என்ஜினுக்குக் கறுப்பு அடித்தால் இன்றும் பார்வைக்கு அது ஷேடோதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பளபளப்பில் மயங்காமல் என்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். நடுவில் '1' என்றிருந்தால் ரேபிட், '1பி' என்றிருந்தால் ஷேடோ. பெயின்டை யாரும் அடிக்கலாம். வரலாற்றை அடிக்க முடியாதே!