பனமலை: ஏரிக்கு வரலாறு உண்டா?

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலுக்காகத்தான் பனமலை அறியப்படுகிறது. எஞ்சியிருக்கும் உமையின் ஓவியத்தைப் பார்த்தவர்கள் இறங்கிவிடுகிறார்கள். மலையடியில் கிடக்கும் ஏரி கலை வரலாற்றுக்குள் வருவதில்லை. என் கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது.

'மனிதன் இயற்கையை அழிக்கிறான்' என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. ஏரியே மனிதன் உண்டாக்கியதுதான். ஓடுகிற நீரை மடக்கிக் கரை போட்டதால்தான் விராலும் கெளுத்தியும் நாரையும் அங்கே வந்தன. ஆகவே எந்த மனிதன், யாருடைய உழைப்பில் என்றுதான் கேட்க வேண்டும்.

குடிமராமத்து ஊர் கூடிச் செய்த பொற்காலம்னு இப்ப சொல்றாங்க. அந்த வழக்கத்தை எழுத்தில் வைத்த 1858ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். மண் சுமந்தவருக்கு நிலம் இருந்ததா என்று அது கேட்கவில்லை.

1981இல் சுவீடன் உதவியோடு வந்த சமூகக் காடுகள் திட்டம் தமிழக ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் கருவேலங்கன்றுகளை நட்டது. கணக்கில் காடு கூடிற்று, மேய்ச்சல் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டிலேயே வந்திறங்கிய சீமைக்கருவேலமும் சேர்ந்துகொண்டது. அதன் நிழலில் நாட்டுப் புல் தழைப்பதில்லை.

இதே மாவட்டத்தின் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. வரவேற்கிறேன். ஆனால் அங்கே சேர்வது மேட்டு ஏரிகளின் உபரிநீர். ஏரி செத்தா கழுவெளியும் செத்துடும். வேலி மட்டும் பறவையைக் காக்காது. கலங்கலும் வாய்க்காலும் ஓட வேண்டும்; அவற்றைத் தூர் வாருகிற கைகளுக்கு ஏரியின் நீரிலும் மீனிலும் மரத்திலும் பங்கு வேண்டும்.