பாகூர் கோயில் சுவர் என்னும் பதிவேடு

புதுச்சேரிக்காரர்கள் சிதம்பரம், தஞ்சாவூர், திருவண்ணாமலை என்று தூரத்துக் கோயில்களுக்கெல்லாம் போய் வருகிறோம். பக்கத்தில் இருக்கும் பாகூர் மூலநாதர் கோயிலைப் பார்த்ததுண்டா என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். கடலூர் சாலையில் போய்க் கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் பாகூர். பெரிய ஏரியும் நெல்வயலும் உள்ள ஊர். சுவாமி மூலநாதர், அம்பாள் வேதாம்பிகை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். லூயி மன்னர்களை எண் பிசகாமல் ஒப்பிப்போம். பாகூரைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி கிடையாது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் உள்ளூர் வரலாற்றைப் படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, இது எனக்குப் பழக்கப்பட்ட சமாச்சாரமாகவே இருந்தது.

பாகூர்ச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 877இல், வெளியிடப்பட்டது. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை வழங்கிய ஆணை அது. முதலில் வடமொழியில் மன்னர் புகழ் வருகிறது. பிறகு தமிழில் காரியம் வருகிறது. விண்ணப்பம் செய்தவர் யார், ஆணையை நிறைவேற்றும் 'ஆணத்தி' யார், எல்லை எது, விலக்கப்பட்ட வரி எவை என்று எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நம் ஊர் நொத்தேர் பத்திரம்கூட இதைவிடத் திருத்தமாக இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த அந்தச் செப்பேடு இன்று பாரீஸில் இருக்கிறது.

செப்பேடு கடல் கடந்து போய்விட்டது. சுவர் மட்டும் இங்கேயே இருக்கிறது. மூலநாதர் கோயில் கருவறையின் வெளிச்சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் உண்டு. 949இல் தக்கோலத்தில் சோழரை வென்ற அதே அரசன்தான். கல்வெட்டில் அவன் பெயர் கன்னரதேவன். பின்னர் இராஜராஜன் காலத்தில் மறுபடி சோழர் ஆட்சி வருகிறது.

அரசர்கள் மாறினார்கள். ஊர்ச்சபை மாறவில்லை. யார் ஆண்டாலும் விளக்குக்கு எண்ணெய் வேண்டும், நிலத்துக்கு எல்லை வேண்டும், ஏரியில் தூர் வாரியாக வேண்டும். சபை கூடி முடிவெடுத்துச் சுவரில் வெட்டி வைத்தது.

நம் தலைமுறைக்கு இது புதிதல்ல. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி உறுதியானது. கொடி மாறியது, அலுவல் மொழி மாறியது. ஆனால் பிரெஞ்சில் எழுதிய பிறப்புப் பதிவையும் நிலப் பத்திரத்தையும் தேடி மக்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஏடு கிழிந்திருந்தால் அவர்கள் முகம் வாடிவிடும். பதிவு போனால் உரிமையும் போய்விடும் என்று எழுத்தர் வேலை பார்த்தவனுக்குத் தெரியும்.

அதனால்தான் கோயில் திருப்பணி என்றாலே எனக்கு ஒரு கவலை. பாகூர்க் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாத கோயில்கள் எத்தனையோ. பக்தியோடுதான் செய்கிறார்கள். ஆனால் சுவருக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறார்கள். காற்றழுத்தத்தில் மணலை வீசிக் கல்லைச் சுத்தம் செய்கிறார்கள். கல் பளிச்சென்று ஆகிவிடுகிறது, எழுத்து மழுங்கிவிடுகிறது. ஆயிரம் வருட மழை செய்யாததை ஒரு வாரக் கூலிவேலை செய்துவிடும்.

நம் ஊர்க் கல்வெட்டுகளை ஊர் ஊராகப் போய்த் தொகுத்தவர் பாகூர் குப்புசாமி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2006இல் அதை நூலாகக் கொண்டுவந்தது. அந்த மண்ணில் பிறந்தவர் செய்த தொண்டு.

நீங்கள் பாகூர் போனால் தரிசனம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பிராகாரத்தை நிதானமாகச் சுற்றுங்கள். அடித்தளத்தில் சின்னச் சின்ன நடனச் சிற்பங்கள் இருக்கும். மேலே எழுத்துகள் இருக்கும். சுவரில் சூடம் ஏற்றவோ விபூதி பூசவோ வேண்டாம். பேரப் பிள்ளைகள் கூட வந்தால் ஓர் எழுத்தையாவது தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், அந்தச் சுவரில் எழுத்து இருக்கிறதா என்று முதலில் நீங்கள் கேளுங்கள்.