நடுவில் பெட்டி இல்லாத வலை: மேற்குச் சென்னைப் புறநகரில் இரு மடிக்கணினிகளின் நேரிணைப்பு

வீட்டுக் கணினி வலையமைப்பின் வரலாற்றை வழக்கமாக ஓர் ஏணியைப் போலச் சொல்வார்கள்: கீழ்ப்படியில் இரண்டு கணினிகளுக்கு இடையே ஒரு கேபிள், அதற்கு மேல் ஹப், உச்சியில் வைஃபை ரூட்டர். மேலே ஏறியவருக்குக் கீழ்ப்படியால் பயனில்லை என்பது இதன் உட்கிடை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்துப் பார்த்தால் இந்த வரிசை பொருந்தவில்லை. மடிக்கணினிகளின் நேரிணைப்பை ரூட்டர் வரும்வரை பொறுத்துக்கொண்ட ஏற்பாடாகக் கொள்வதைவிட, தனக்கென்று வேறு பயனும் வேறு நிபந்தனைகளும் உள்ள தனி வகையாகக் கொள்வதே சான்றுகளோடு ஒத்துப்போகிறது. அந்த நிபந்தனைகள் இப்புறநகரில் 2011ஐ ஒட்டித்தான் ஒன்றுகூடின என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கருவியின் வரலாறு. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் வளர்த்தெடுத்த ஈதர்நெட்டில் நடுநின்று ஆளும் பெட்டி எதுவும் இல்லை. ஒரே கோஆக்ஸியல் கேபிளை எல்லாக் கணினிகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. 1980களில் வந்த மெல்லிய கேபிள் முறையிலும் அதே நிலைதான்: இரு கணினிகள், இரண்டு டி வடிவ இணைப்பிகள், கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் இருந்தால் வலையமைப்பு தயார். ஹப் என்னும் நடுப்பெட்டி வழக்கமானது 1990இல் முறுக்குக் கம்பிக்கான 10பேஸ்-டி தரம் வந்த பிறகே. அதில் கணினியின் போர்ட் 1, 2 ஆம் பின்களில் அனுப்பி, 3, 6 ஆம் பின்களில் வாங்கும்; ஹப்பின் போர்ட் இதற்கு நேர்மாறு. இரண்டு கணினிகளைச் சாதாரண கேபிளால் இணைத்தால் இரண்டும் ஒரே ஜோடிக் கம்பியில் அனுப்பும், இரண்டும் வெறும் ஜோடியில் காத்திருக்கும். ஒரு முனையை 568ஏ வரிசையிலும் மறுமுனையை 568பி வரிசையிலும் கிரிம்ப் செய்து, ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றிய 'கிராஸ் கேபிள்' அதனால்தான் தேவைப்பட்டது. இணைக்கும் அறிவு அப்போது கிரிம்பிங் கருவி பிடித்தவரின் கையில் இருந்தது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கேபிள் கேட்கும்போதே ஸ்ட்ரெய்ட்டா, கிராஸா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 1990களின் இறுதியில் எச்பி பொறியாளர்கள் உருவாக்கிய ஒரு முறை, எந்த ஜோடியில் பேசுவது என்பதைப் போர்ட்டே கண்டறிந்து மாற்றிக்கொள்ளும்படி செய்தது. 1999இல் வந்த கிகாபிட் தரத்தோடு அது பரவியது. முகவரிச் சிக்கலும் இதேபோலத் தீர்ந்தது. எண் கொடுக்க யாரும் இல்லாதபோது 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைக் கணினியே தேர்ந்து, வேறெவரும் அதை வைத்திருக்கவில்லை என்று விசாரித்து அமர்த்திக்கொள்ளும் வழக்கம் விண்டோஸ் 98இலேயே இருந்தது. 2005 மே மாதம் அது இணையத் தரமாக எழுதப்பட்டது.

இவ்வளவும் தயாராக இருந்தாலும் வீட்டில் இரண்டாவது கணினி இல்லாதவரை பயனில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைத்தார். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது அதே மாவட்டத்தைச் சேர்ந்தவை. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்தக் கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அக்கா கல்லூரியிலும் தம்பி பிளஸ் டூவிலும் படித்த ஒரு தொழிற்பேட்டைக் குடும்பத்தில் வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்காமலே, ரூட்டர் வாங்காமலே இரண்டு கணினிகள் சேர வழி பிறந்தது. மேசைக் கணினி வாங்கவே யோசித்த வீடுகளுக்கு இது சிறிய மாற்றம் அன்று. ஒரு கணினியில் யுஎஸ்பி டேட்டா கார்டைச் செருகி, விண்டோஸின் இணையப் பகிர்வு வசதியால் மற்றதற்கும் இணையம் கொடுக்க ஒரேயொரு கேபிள் போதும். நேரிணைப்பு இங்கே ரூட்டரின் வேலையையே செய்கிறது.

பென் டிரைவ் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கோப்பைக் கொடுத்து முடிப்பதற்கு அது போதும். ஆனால் வழக்கமான எஃப்ஏடி32 அமைப்பு 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. பிரிண்டரையோ இணையத்தையோ பகிரவும் பென் டிரைவால் ஆகாது. ரூட்டர் மலிவாகிவிட்டதே என்ற ஆட்சேபணை இதைவிட வலுவானது. அதற்கான விடை மின்சாரத்தில் இருக்கிறது. 2012இல் சென்னையிலும் புறநகரிலும் நாள்தோறும் 2 மணி நேர மின்வெட்டு அறிவித்தே நடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. சுவரில் செருகிய ரூட்டர் அந்த நேரத்தில் செத்த பெட்டி. மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு, கேபிளுக்கு மின்சாரமே வேண்டாம். ஆகவே மூன்றாவது கருவியையும் மின்வாரியத்தையும் சாராமல் நிற்கும் வீட்டு வலையமைப்பு இது. மேசைக் கணினி காலத்து கிராஸ் கேபிளுக்கு இந்தக் குணம் இருந்ததில்லை. மடிக்கணினியோடு சேர்ந்த பிறகே பழைய உத்தி புதிய பொருளாயிற்று. ஃபோன் ஹாட்ஸ்பாட்டும் பேட்டரியில் ஓடுகிறதே என்றால், உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு தரவும் ஃபோனுக்குப் போய்த் திரும்புவதால் ஒரே காற்றலையில் இருமுறை பயணிக்கிறது. 100 மெகாபிட் கேபிள்கூட நொடிக்கு ஏறத்தாழ 11 எம்பியை இரு திசையிலும் தடையின்றிக் கடத்தும்.

அப்படியானால் இப்பழக்கம் ஏன் தேய்ந்தது? தேவை தீர்ந்ததால் என்று சொல்ல முடியாது. 2008இல் மேக்புக் ஏர் ஈதர்நெட் போர்ட் இல்லாமல் வந்தது. மெலிந்த மடிக்கணினிகள் அதே வழியில் போயின. 2012இன் விண்டோஸ் 8, இரு கணினிகளை வைஃபையில் நேராகச் சேர்க்கும் பழைய அமைப்புத் திரையை நீக்கியது. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு, வீட்டுக் கணினிகளிடையே கோப்புகளைப் பகிர உதவிய ஹோம்குரூப்பை எடுத்துவிட்டு, அதே பதிப்பிலேயே அருகிலுள்ள கணினிக்கு அனுப்பும் வசதியைச் சேர்த்தது. ஒரு கதவை மூடியவர்களே இன்னொன்றைத் திறந்தார்கள் என்றால், தேவை அப்படியே இருந்தது என்பதுதான் பொருள். 2017 மே மாத வானாக்ரை என்ற பணயத் தீநிரல் தாக்குதலுக்குப் பின் பழைய கோப்புப் பகிர்வு முறை முடக்கப்பட்டது நியாயமான பாதுகாப்பு நடவடிக்கை, அதைக் குறைசொல்வதற்கில்லை. ஆயினும் கேபிளால் மட்டும் சேர்ந்த இரு கணினிகளை விண்டோஸ் அடையாளம் தெரியாத பொது வலையமைப்பாக நடத்திப் பகிர்வைத் தடுப்பது வேறு விஷயம். ஒரு வலையமைப்பை அதன் ரூட்டரைக்கொண்டே இயங்குதளம் அறிந்துகொள்கிறது. ரூட்டர் இல்லாவிட்டால் அறிய வழியில்லை. ஏணிக் கதையின் முன்முடிவு இங்கே நிரலாகவே எழுதப்பட்டிருக்கிறது. பயனர் கையால் மாற்றினாலொழிய, இரண்டே கணினிகள் மட்டும் உள்ள, வெளியார் நுழைய வழியே இல்லாத இணைப்பு, ரயில் நிலைய வைஃபைக்கு உரிய சந்தேகத்தோடு நடத்தப்படுகிறது. தண்டர்போல்ட், யுஎஸ்பி4 கேபிள்களால் இரு மடிக்கணினிகளை இன்று நேராக இணைக்கும்போதும் அவை 169.254 முகவரிகளைத் தாமே எடுத்துக்கொண்டு கிகாபிட் ஈதர்நெட்டைவிடப் பன்மடங்கு வேகத்தில் பேசத் தயாராகின்றன. தடுத்து நிறுத்துவது அதே பொது வலையமைப்பு விதிதான்.