விலைப் பட்டியலில் பாட்டியின் பெயர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்றொரு கவுண்டி இருக்கிறது. பருத்தி விளைந்த கிராமப்புறம். அங்கே ஒரு கறுப்பினக் குடும்பம் தன் முன்னோரைத் தேடிப் போனால், பெரும்பாலும் 1870இல் முட்டி நிற்கும். விடுதலையான மக்களைப் பெயரோடு எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. உடைமையாளருக்குப் பெயர் உண்டு. அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டும்.

அதற்கும் பின்னால் போக, ஆண்டைகளின் காகிதங்களுக்குள் நுழைய வேண்டும். உயில், விற்பனைப் பத்திரம், ஆண்டை செத்த பிறகு எடுத்த சொத்துக் கணக்கு. கோவேறு கழுதை, கலப்பை, அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர், எதிரே அவளுக்கு ஒரு விலை. விலை போடத்தான் பெயரையே எழுதினார்கள். ஆவணம் நடுநிலையானது என்று நமக்கு வகுப்பெடுப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கட்டும்.

அடிமைமுறை ஒழிந்து நூறாண்டு கழித்து, 1965 தொடக்கத்தில், அதே லவுண்ட்ஸில் சுமார் 80 விழுக்காட்டினர் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

தங்கள் பெயரைத் தாங்களே சொல்லி எழுதவைத்த ஏடுகளும் உண்டு. விடுதலையானவர்களுக்காக 1865இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். கணக்குத் தொடங்க வந்தவர்களிடம் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன உறவுகளும் அதில் வருகிறார்கள். 1874இல் வங்கி திவாலானது, ஏழைகளின் சேமிப்பு போயிற்று. அந்தப் பதிவேடுகளைத்தான் இன்று பேரப்பிள்ளைகள் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.