சூளைக்கு வந்த கருங்கல்

போரோபுதூரைக் கட்டியவர்களுக்கு எரிமலையே கல் கொடுத்தது. ஆற்றோரம் கிடந்த ஆண்டிசைட் பாறையைச் செதுக்கி அடுக்கினார்கள். கோலாலம்பூர் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே பாறைக்குழம்பு சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளியே வராமல் பூமிக்குள்ளேயே இறுகிக் கருங்கல்லானது. பின்னர் மழையும் வெக்கையும் அதை அரித்துக் களிமண்ணாக்க, ஆறு அதைத் தாழ்வில் கொண்டுவந்து படியவைத்தது. கோலாலம்பூரை உண்டாக்கிய வெள்ளீயமும் அந்தக் கருங்கல்லோடு வந்ததுதான். ஆகவே, செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் பெயரை ஆங்கிலேய அதிகாரிகளின் கணக்கில் எழுதுவதற்கு முன்னால் மண்ணின் கணக்கில் எழுத வேண்டும் என்பேன்.

வரலாறு படித்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். 1881 ஜனவரியில் கோலாலம்பூர் எரிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தது. மிஞ்சியிருந்த அத்தாப்புக் கூரைகளையும் மண்சுவர்களையும் பார்த்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார், சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் சூளை போட நிலம் வாங்கினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் கட்டளை ஒரே நாளில் பிறந்துவிடும், செங்கல் பிறக்காது. கிள்ளான் பக்கமிருந்து ரயில் வந்ததே 1886இல். அதுவரை படகையும் மாட்டுவண்டியையும் நம்பி ஒரு நகரத்துக்கான கல்லை வெளியிலிருந்து ஏற்றிவருவது கட்டுப்படியாகுமா? நடைதூரத்தில் களிமண் கிடைத்ததால்தான் அந்த உத்தரவு காகிதத்தோடு நிற்கவில்லை.

களிமண் எங்கும்தான் இருக்கிறது, பழைய மண்சுவரும் அதே மண்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் சூளையில் இருக்கிறது. அச்சில் அறுத்துக் காயவைத்த பச்சைக்கல்லை ஒரு மழை சேறாக்கிவிடும். சூளையில் 500, 600 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணோடு பிணைந்திருந்த நீர் விலகுகிறது. அதன் பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது சேறாகாது. மண்ணிலுள்ள இரும்புதான் சிவப்பைத் தருகிறது. 1897இல் முடிந்த, இன்று சுல்தான் அப்துல் சமாத் கட்டடம் எனப்படும் மாளிகையில் அந்தச் சிவப்பைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்குச் சுமார் 40 லட்சம் செங்கற்கள் பிடித்தன என்பார்கள்.

சூளைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில்வே வந்தது, ரயில்வேயோடு இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் வந்து குடியேறினார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரோடு இப்போது துன் சம்பந்தன் சாலை. தமிழர் ஊரின் பெயரை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. சூளைமேடு என்று சொல்லியிருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காரணம் விளங்கியிருக்கும்.