மிகையியக்கக் குழந்தைகளின் பெற்றோருக்கான பயிற்சி: வரலாறு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) உள்ள குழந்தையிடம் அன்றாடம் நடந்துகொள்ளும் முறைகளை அதன் பெற்றோருக்குக் கற்றுத்தருவது பெற்றோர் பயிற்சி எனப்படும். ஓரிடத்தில் இருக்க முடியாமை, கவனச்சிதறல், யோசிக்கும் முன்பே செயல்படுதல் ஆகியவை இக்குறைபாட்டின் அடையாளங்கள். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது மருந்து அல்ல, இந்தப் பயிற்சியே. 'வளர்ப்பு சரியில்லை' என்ற பழியைச் சுமந்த பெற்றோர், சிகிச்சையில் பங்காளிகளாக மாறிய கதை இது.

தொடக்ககாலப் பார்வைகள்

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிக் ஹோப்மன் 1840களில் எழுதிய குழந்தைகள் கதைப்பாடல்களில் பிலிப் என்ற சிறுவன் வருகிறான். உணவு மேசையில் சும்மா இருக்க முடியாமல் நாற்காலியை ஆட்டும் அவன், மேசைவிரிப்பைப் பிடித்தபடி விழ, உணவு முழுவதும் தரையில் சிதறுகிறது. தந்தை அதட்டுகிறார், தாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் அவர்களுக்குச் செய்யத் தெரியவில்லை.

1902-ல் லண்டனில் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகள், இத்தகைய குழந்தைகளை மருத்துவ நோக்கில் விவரித்தன. அறிவுக்குறைவு இல்லாதபோதும் தம்மைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகளை அவர் கண்டார். தண்டித்த சில மணி நேரத்திலேயே அவர்கள் அதே தவறைத் திரும்பச் செய்வதையும் குறிப்பிட்டார். ஆனால் அவர் இதை 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்று அழைத்தார். அச்சொல் குடும்பங்களின் மனச்சுமையைக் குறைக்கவில்லை.

1931-ல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் குழந்தைகளுக்கான மருத்துவ இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. மூளையழற்சியால் பாதிக்கப்பட்ட தம் மகள் எம்மாவின் நினைவாக ஜார்ஜ் பிராட்லி தம்பதியினர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து உருவானது அது. அங்கே மருத்துவர் சார்லஸ் பிராட்லி 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்துப் பார்த்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் படிப்பில் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டதாக 1937-ல் எழுதினார். எனினும் வீட்டில் பெற்றோர் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஓரிகன் முறை

அக்கேள்விக்கான பதில் 1960களில் ஓரிகன் மாநிலத்தில் உருவானது. உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சனும் அவருடைய குழுவினரும் வீடுகளுக்கே சென்று குடும்பங்களைக் கவனித்தனர். தாய் ஒரு வேலை சொல்கிறார், குழந்தை அடம்பிடிக்கிறது, தாய் குரலை உயர்த்துகிறார், குழந்தை இன்னும் அலறுகிறது, இறுதியில் தாய் விட்டுக்கொடுக்கிறார். அலறினால் காரியம் நடக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாயும் கற்றுக்கொள்கிறார். இதில் குற்றவாளி யாருமில்லை. இருவரும் சிக்கிக்கொண்ட சுழல் இது என்பதே பேட்டர்சனின் விளக்கம்.

போர்ட்லந்தில் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் ஹான்ப் பயிற்சியை இரண்டு கட்டங்களாக வகுத்தார். முதல் கட்டத்தில் பெற்றோர் குழந்தையின் விளையாட்டில் அதன் போக்கிலேயே கலந்துகொண்டு, நல்ல செயலைக் கவனித்துப் பாராட்டப் பழகினர். இரண்டாவது கட்டத்தில்தான் கட்டளையிடுவதும் மீறினால் சிறு விளைவு தருவதும் கற்பிக்கப்பட்டன. உறவைச் சீர்செய்த பிறகே கண்டிப்பு என்ற இந்த வரிசை பிற்காலத் திட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படையானது. ரஸ்ஸல் பார்க்லி இதனை மிகையியக்கக் குழந்தைகளுக்கேற்ப விரித்து 1987-ல் கையேடாக வெளியிட்டார்.

இம்முறைகள் எளியவை. தூரத்திலிருந்து கத்தாமல் அருகில் சென்று, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது, செய்தவுடன் பாராட்டுவது, புள்ளிகள் சேர்த்து விருப்பமானதைப் பெறவைப்பது, கடைக்குப் புறப்படும் முன்பே விதிகளைச் சொல்லிவிடுவது, ஆசிரியரிடமிருந்து தினமும் சிறு குறிப்பு பெறுவது. தாமதமாக வரும் பரிசு இக்குழந்தைகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை என்பதால் 'உடனே' என்பதே இதில் முக்கியம்.

பெற்றோர் அமைப்புகள்

1987-ல் புளோரிடாவில் பெற்றோர் சிலர் சாட் என்ற அமைப்பைத் தொடங்கினர். இத்தகைய அமைப்புகளின் வலியுறுத்தலைத் தொடர்ந்து, இக்குறைபாடுள்ள குழந்தைகளும் சிறப்புக் கல்வி பெறத் தகுதியுள்ளவர்களாகலாம் என்று அமெரிக்கக் கல்வித்துறை 1991-ல் தெளிவுபடுத்தியது.

ஆய்வுகள்

1999-ல் வெளிவந்த எம்.டி.ஏ. ஆய்வில் 579 குழந்தைகள் 14 மாதங்கள் சிகிச்சை பெற்றனர். கவனக்குறைவு, மிகையியக்கம் ஆகிய அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவு பார்த்துத் தரப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் தருவதைவிட மேலானதாக இருந்தது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாயிற்று.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் எட்டு வாரங்கள் வீட்டிற்கே சென்று பயிற்சியளித்த திட்டம், மூன்று வயதுக் குழந்தைகளிடம் நல்ல பலன் தந்ததாக 2001-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தாய்க்கும் இதே குறைபாட்டின் அறிகுறிகள் மிகுதியாக இருந்த வீடுகளில் பலன் குறைவாக இருந்தது. இக்குறைபாட்டில் மரபின் பங்கு பெரிது என்பதால், பயிற்சி பெறுபவருக்கே உதவி தேவைப்படலாம் என்பதை இது உணர்த்தியது.

2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மற்றொன்றும் தெளிவானது. பெற்றோர் தரும் மதிப்பீட்டில் அடிப்படை அறிகுறிகள் குறைந்தன. சிகிச்சை விவரம் அறியாதவர்களின் மதிப்பீட்டில் அந்தக் குறைவு பெரிதாகத் தெரியவில்லை. எனினும் பெற்றோரின் அணுகுமுறை சீராவதும், குழந்தையின் அடமும் மோதலும் குறைவதும் அடுத்த ஆண்டின் தொகுப்பாய்வில் உறுதியாயின.

இன்றைய நிலை

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முதலில் நடத்தைப் பயிற்சியே தரப்பட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-ல் பரிந்துரைத்து, 2019-ல் மீண்டும் வலியுறுத்தியது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் குழுவாக நடத்தப்படும் பெற்றோர் பயிற்சியை இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018-ல் முன்வைத்தது. பயிற்சி குறைபாட்டை நீக்கிவிடுவதில்லை. ஆனால் பிலிப்பின் உணவு மேசையில் அதட்டலுக்கும் மௌனத்துக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அது காட்டியது.