புதிதாய்ப் பாடுவோர்க்கு ஏற்ற கீர்த்தனை

மும்பை மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள தேவ்நாரிலும், அதனை அடுத்த செம்பூரிலும் கோவண்டியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் கிறிஸ்தவக் குடும்பங்களும் உள. அங்குப் பிறந்து வளரும் பிள்ளைகளுள் பலர் தமிழைக் காதால் அறிவர், கண்ணால் அறியார். தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்துக்கொண்டே தமிழ்க் கீர்த்தனையைப் பாடுவர். இத்தகைய பிள்ளைக்குச் சுவிசேஷப் பாட்டுக் கற்பிக்கப் புகும்போது, முதற்கண் எதனைக் கொடுப்பது? சிறிதாகத் தோன்றும் இவ்வினாவிற்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. அதனைச் சுருங்கக் காண்போம்.

1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும், அவர் வழிவந்த ஜெர்மானியக் குருமாரும், தம் நாட்டு மெட்டுகளிலேயே தமிழ்ச் சொற்களை அமைத்துச் சபையாரைப் பாடச் செய்தனர். சென்னையில் தொண்டாற்றிய பெப்ரீஷியஸ் ஐயர் (1711–1791) இத்துறையில் சிறந்து விளங்கினார். 'ஞானப்பாட்டு' என வழங்கும் இவை பொருளாழம் மிக்கவை, இன்றளவும் பாடப்படுபவை. ஆயினும், புதிதாய்ப் பாடுவோர்க்கு இவற்றில் ஓர் இடர் உண்டு. மெட்டில் ஓசை நீளும் இடத்தில் சொல்லின் குற்றெழுத்து வந்து நிற்கும். அப்பொழுது குறில் நெடிலாக ஒலிக்கும். 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். தமிழை நன்கறிந்தவர் அதனை மனத்துள் திருத்திக்கொள்வர். பாட்டின் வழியாகவே தமிழைக் கற்கும் பிள்ளையோ, பிழையையே மொழியாகக் கொள்ளும்.

இவ்விடருக்கு மாற்றுக் கண்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்றவர் இவர். குறவஞ்சி, கும்மி, தாலாட்டு என மக்கள் நாவிற்கு முன்னரே பழகியிருந்த வடிவங்களில் வேதாகமச் செய்திகளைப் பாடினார். புதிய பொருளைப் பழகிய ஓசையில் தந்தமையால், எழுத்தறியாதாரும் ஒருமுறை கேட்டவுடன் திருப்பிப் பாட இயன்றது.

ஆனால் 1820-களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிமார் இவருடைய பாடல்களை வழிபாட்டில் விரும்பவில்லை. சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். அவ்வெதிர்ப்பில் சபைக்குள் சாதி வேற்றுமையைக் காக்கும் வாதமும் கலந்திருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அவ்வாதத்தைத் தள்ளுவோம்; பாட்டைத் தள்ளவேண்டுவதில்லை. பின்வந்தோரும் பாட்டைப் போற்றினர். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த வெப் ஐயர் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை முயன்று திரட்டி, 1853-இல் பொதுவழிபாட்டிற்கென நூலாக்கினார். விலக்கப்பட்ட பாட்டு சபை நடுவே வந்தமர்ந்தது.

பயில்வோரை மனத்திற் கொண்டு மேலும் ஒரு படி சென்றவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). இசை கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகள் பொருள் விளங்காத பிறமொழிக் கீதங்களையே பாடம் பண்ணிவந்தனர். அக்குறை நீங்கத் தாமே தமிழில் பயிற்சிப் பாடல்களை இயற்றி, 1907-இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என வெளியிட்டார். 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் புதல்வியரைக் கொண்டு தம் இசைக்கொள்கையை விளக்கச் செய்தார். மகாராஷ்டிரத்திலும் இதே முயற்சி நிகழ்ந்தது. மராத்தியக் கவிஞர் நாராயண வாமன திலகர் (1861–1919), துக்காராமின் அபங்க வடிவிலேயே கிறிஸ்தவப் பாடல்களை இயற்றினார். நம் அண்டை வீட்டாரும் தம் தாய்மொழியின் ஓசையையே நாடினர்.

இவ்வரலாறு நமக்குத் தரும் முறை எளியது. கீர்த்தனை நூலில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். ஆதி தாளத்தில் அமைந்து, பல்லவி குறுகியதாயும், குரல் ஒரு ஸ்தாயிக்குள் அடங்குவதாயும் உள்ள பாட்டைத் தேர்க. பொருளை முன்னர்ச் சொல்லிப் பின்னர்ப் பாடுவிக்க. உவமைக் கதையையோ கிறிஸ்து பிறப்பையோ வரிசையாகச் சொல்லும் பாட்டு நினைவில் எளிதில் நிற்கும். எதுகையும் மோனையும் அடுத்த அடியைத் தாமே எடுத்துக் கொடுக்கும். பல்லவி நன்கு படிந்தபின் குரல் மேலேறும் அனுபல்லவிக்குச் செல்க. நெடிய ஞானப்பாட்டுகளைக் குரலும் மொழியும் தேறிய பின்னர்ப் பயிலலாம்.

இன்னும் ஒன்று. மராத்தியும் இந்தியும் எழுதும் நாகரியில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்தில்லை. 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும், 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஒன்றாகவே எழுதப்படும். அன்று அயல் மெட்டு செய்த பிழையை இன்று அயல் எழுத்து செய்கிறது. ஆதலின் பிள்ளை நாகரியில் எழுதிய பல்லவியின் கீழே, அதனைத் தமிழ் எழுத்திலும் ஒரு வரி எழுதிக் கொடுப்போம். பாடிப் பழகிய சொல்லாதலின் எழுத்தும் விரைவில் விளங்கும். பத்துக் கீர்த்தனைகளின் பல்லவிகளை இவ்வாறு படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்துகளுள் பல அறிமுகமாகியிருக்கும்.